கடைவீதிக் குறிப்புகள்: கைமாறிய ரைபிள்

தையல் இயந்திரம் வாங்குவது எப்படி, வீணை வாங்குவது எப்படி, பழைய மோட்டார் சைக்கிளைப் பார்த்து வாங்குவது எப்படி என்றெல்லாம் இப்பகுதியில் இதுவரை எழுதியிருக்கிறோம். அவற்றைப் படித்துவிட்டுக் கடைக்குப் போன நேயர்களில் சிலர் நம்மை வாழ்த்தியும், வேறு சிலர் வேறு விதமாகவும் கடிதம் எழுதியதுண்டு. ஆனால் துப்பாக்கி வாங்குவது எப்படி என்று ஒருவர் நம்மிடம் யோசனை கேட்க வருவார் என்பதைக் கனவிலும் நாம் கருதியதில்லை.

வந்தவர் நமது பழைய நண்பர். ஒரு பாங்கியில் கணக்கராயிருப்பவர். எறும்பு குறுக்கே வந்தாலும் நின்று வழிவிடும் சுபாவமுடையவர். அப்பேர்ப்பட்டவர் சென்ற தை மாதத்தில் ஒரு நாள் மாலை நமது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அக்கம் பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ரைபிள் ஒன்று வாங்க வேண்டும், சகாயமான விலையில் கிடைக்குமா?" என்றதும் நமக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யாரைச் சுடப் போகிறீர்?" என்று கேட்டோம்.

"காகிதத்தை" என்றார் நண்பர், மிகவும் அமைதியாக.

விஷயம் இதுதான். நண்பருடைய மூத்த பெண் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஏர் ரைபிள் பழகியவள். காலேஜில் தேசிய மாணவர் படையில் சேர்ந்து, பாயிண்டு டூ-டூ என்று சொல்லப்படும் .22 ரைபிளில் சுட்டுப் பரிசுகள் வாங்கினாள். இப்போது ஊரிலுள்ள ரைபிள் கிளப்பில் அங்கத்தினர். கிளப்புக்குச் சொந்தமான .22 ரைபிள் ஒன்றே ஒன்று. அதைச் சுட எட்டுப் பேர். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் அவள் முறை வரும். ஆனி மாதத்தில் ராஜதானி அளவில் தேர்வுப் போட்டி. பெண்ணுக்கு இருபத்தோரு வயது நிரம்பியதும் மனுப் போட்டு, போலீஸ் விசாரணையெல்லாம் முடிந்து, பல மாதங்களுக்குப் பின் லைசென்ஸும் வந்துவிட்டது. வரவில்லை என்று சொல்வதற்கு இருந்தது ரைபிள் ஒன்றுதான்.

பணம் எங்கிருந்து வரும்? பெண்ணின் தாயார் மாதாமாதம் கட்டிவந்த சீட்டு சமீபத்தில் விழுந்திருந்தது. அது தம்பியின் காலேஜ் சம்பளத்துக்கென்று கட்டிய சீட்டு. "அந்தப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று அவள் தாயாரே சொல்லிவிட்டாள். ஆனால் பாதிக்கு மேல் தொடக் கூடாதாம். ஏமாந்துவிட்டு வந்தால் பிள்ளையின் படிப்பை யார் பார்ப்பது?" என்றார் நண்பர். அதற்குப் பிறகு நாம் பரிகாசம் செய்யவில்லை.

* * *

முதலில் இந்த .22 என்பது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறோம். குழாயின் உள் அகலம் ஓர் அங்குலத்தில் நூற்றில் இருபத்திரண்டு பங்கு, அதாவது சுமார் 5.6 மில்லிமீட்டர். இதற்கான தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பொருள் அடிப்பாகத்தின் நடுவில் இராது. தோட்டாவின் ஓரவிளிம்புக்குள்ளே பூசப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பைத் தட்டினால் குண்டு புறப்படும். குண்டு ஈயம், எடை இரண்டரை கிராமுக்குச் சற்று மேல். 1887-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் தோன்றிய 'லாங் ரைபிள்' என்னும் தோட்டாதான் இன்றைக்கும் உலகெங்கும் வழங்குவது. விலை குறைவு, உதைப்பு மிகக் குறைவு, ஓசையும் பெரிய துப்பாக்கிகளைவிடக் குறைவு. ஆகையால் பழகுவதற்கும் பந்தயத்துக்கும் இதைவிட உகந்தது வேறில்லை.

ஆனால் சின்னது என்று அலட்சியம் செய்வதற்கில்லை. இந்தச் சிறு ஈயத்துண்டு தடையில்லாத வெளியில் ஒரு மைலுக்கும் அப்பால் போய் விழக்கூடும்; வழியில் அகப்பட்டவரைக் கொல்லவும் கூடும். ஆகவே பின்னால் மண்மேடு எழுப்பிய சுடுமிடத்தைத் தவிர வேறெங்கும் இதற்கு இடமில்லை. தோப்பில் முயலுக்கும் கௌதாரிக்கும் ஆகும் என்று யாரேனும் எண்ணினால், 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இருப்பதை நினைவூட்டுகிறோம். 2021-ல் அருணாசலப் பிரதேசத்துக் கிராமங்களில் ஜனங்கள் பட்சிகளைச் சுட்டுவந்த ஏர் துப்பாக்கிகளைத் தாங்களாகவே கொண்டுவந்து சர்க்காரிடம் ஒப்படைத்தார்கள். நமது நேயர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

காகிதத்தைச் சுடுவதில் என்ன பெருமை என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 50 மீட்டர் பந்தயத்தில் குறிக்காகிதத்தின் நடுவட்டம் 10.4 மில்லிமீட்டர் அகலம். நமது சட்டைப் பொத்தான் அளவு. கடைத்தெருவின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியிலுள்ள சட்டைப் பொத்தானை அறுபது தடவை அடிப்பதற்கு எவ்வளவு மன அடக்கம் வேண்டும் என்பதை நேயர்கள் யோசித்துப் பார்க்கலாம். 2024 ஆகஸ்டு 1-ந் தேதி பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்தில், முழங்காலிட்டும் படுத்தும் நின்றும் இப்படிச் சுட்டு வெண்கலப் பதக்கம் பெற்ற ஸ்வப்னில் குஸாலே, மகாராஷ்டிரத்துக் கோலாப்பூர்ப் பக்கத்துக் கிராமத்தவர்; அப்போது ரயில்வேயில் டிக்கட் பரிசோதகராயிருந்தவர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் என்னும் பெண்மணி 2019-ல் ஏர் ரைபிளில் உலகக் கோப்பைப் பந்தயத் தங்கம் வென்றார். மகாராஜாக்களின் பொழுதுபோக்காயிருந்தது மத்தியதர வீடுகளுக்கு வந்துவிட்டது என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

* * *

துப்பாக்கி வாங்குவதில் கடை இரண்டாவது, சட்டம் முதலாவது.

1878-ல் லிட்டன் பிரபுவின் காலத்தில் வந்த ஆயுதச் சட்டத்தை நம் பாட்டனார்கள் மறக்கவில்லை. இந்தியன் ஆயுதம் வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்கு வேண்டியதில்லை. சொந்த நாட்டில் நம்பத்தகாதவன் என்று ஒரு ஜாதியார் முழுவதையும் முத்திரை குத்தியது அச்சட்டம். காங்கிரஸ் மகாசபை அதை எதிர்த்துப் பலமுறை தீர்மானம் செய்தது. 1931-ல் கராச்சியில் நிறைவேறிய ஜீவாதார உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் ஒன்றாக எழுதப்பட்டது. சுதந்தரத்துக்குப் பிறகு 1959-ல் இயற்றப்பட்டு 1962-ல் அமுலுக்கு வந்ததே இப்போதுள்ள சட்டம். இதிலும் லைசென்ஸ் உண்டு, விசாரணை உண்டு, தாமதமும் உண்டு. ஆனால் நிறத்தைப் பார்த்துச் செய்த வித்தியாசம் இல்லை. இது நாமே நமக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. அன்றையது பிறர் நமக்குப் பூட்டிய விலங்கு. அந்த வேற்றுமையை உணர்ந்தவர்கள் மனுப் போட்டுவிட்டுக் காத்திருப்பதில் அவமானம் கொள்ள மாட்டார்கள்.

வாங்குவோர் அறிய வேண்டியவை சிலவே. சொந்தத்தில் துப்பாக்கி வைத்துக்கொள்ள இருபத்தொரு வயது நிரம்பியிருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட சிறுவர் சிறுமியர் பெரியவர்களின் நேர்ப் பார்வையில் பயிற்சிக்காகச் சுடலாம். 2019-ல் செய்த திருத்தத்தின்படி சாதாரணமாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது. லைசென்ஸ் காலம் ஐந்து வருஷம். அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப்பின் அங்கத்தினர் குறி பழகுவதற்காக உபயோகிக்கும் .22 ரைபிளுக்கும் ஏர் ரைபிளுக்கும் இந்த எண்ணிக்கை வரம்பு இல்லை என்று சட்டமே சொல்கிறது.

குழந்தைக்கு முதல்முதலாக வாங்கிக் கொடுப்பவர்கள் .22-க்குப் போகவே வேண்டாம். குழாய் அகலம் 4.5 மில்லிமீட்டருக்கும், வேகசக்தி 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. நின்று பிடிக்கவும், மூச்சை அடக்கவும், குதிரையை அலுங்காமல் இழுக்கவும் அதிலேயே கற்றுக்கொள்ளலாம். அதைக் கற்காதவர் கையில் எவ்வளவு உயர்ந்த ரைபிளும் வெறும் இரும்புதான்.

பழைய ரைபிள் வாங்குவோர்க்கு முக்கியமான விதி மற்றொன்று. லைசென்ஸ் உள்ள ஒருவர் தம் சொந்தத் துப்பாக்கியை லைசென்ஸ் உள்ள இன்னொருவருக்கு விற்கலாம். ஆனால் வாங்குபவரின் பெயர் விலாசங்களோடு ஜில்லா மாஜிஸ்திரேட்டுக்கோ, அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷன் அதிகாரிக்கோ முன்கூட்டியே எழுதித் தெரிவிக்க வேண்டும். தெரிவித்து 45 நாட்கள் கழிந்த பிறகே கைமாற்றலாம். "இன்று சாயங்காலத்துக்குள் எடுத்துக்கொண்டால் விலை குறைவு" என்று ஒருவர் சொன்னால், அவர் விற்பது துப்பாக்கி அன்று, வம்பு. எழுந்து வந்துவிட வேண்டும்.

* * *

புதிதா, பழையதா என்பது அடுத்த கேள்வி.

புதிது வேண்டுமானால் சுதேசிச் சரக்கு உண்டு. கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி நதிக்கரையில் இச்சாப்பூரிலுள்ள சர்க்கார் ரைபிள் தொழிற்சாலை .22 ரைபிள் செய்து விற்றுவருகிறது. உறுதியானது, பழுது பார்க்க எளிது, யாருடைய கையிலும் அகப்பட்டுக் கெடாதது. கிளப்பில் பழகுவதற்கும், சுடும் கலையை ரசிப்பதற்கும் அது போதும். நண்பருடைய பெண் சிறுமியாயிருந்து முதல் ரைபிள் தேடியிருந்தால் நாம் தயங்காமல் அதையே சொல்லியிருப்போம்.

ஆனால் 50 மீட்டர் பந்தயத்துக்கு வேண்டியது வேறு ஜாதி. கனமான குழாய், பின்னால் ஊசித்துளை போன்ற ஓட்டையும் முன்னால் வளையமும் கொண்ட குறிபார்க்கும் கருவி, ஆளுக்கேற்ப நீட்டிக் குறைக்கும் மரக்கட்டை, இறகு பட்டாலும் அசையும்படி சீர்செய்யக் கூடிய குதிரை இவையெல்லாம் அதில் வேண்டும். இத்தகைய பந்தய ரைபிள்களுக்கு ஜெர்மனியில் உல்ம் நகரத்து அன்ஷூட்ஸ், வால்தர் போன்ற கம்பெனிகளே பேர்போனவை. ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கும் தேசம் பந்தய ரைபிளுக்கு இன்னும் பெரும்பாலும் உல்ம் நகரத்தையே எதிர்பார்த்திருப்பது நமக்குச் சந்தோஷமளிக்கவில்லை. சந்திரனுக்கு யந்திரம் அனுப்பிய கைகளுக்கு ஒரு நல்ல இரும்புக் குழாயைக் கடைந்தெடுப்பது ஆகாத காரியமா? இதை உரியவர்கள் காதில் போட்டு வைக்கிறோம்.

இதற்கிடையே, 1980-களில் தனி மனிதர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்டுவிட்டது. பேர்பெற்ற பந்தயக்காரர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால் அதற்கு முன் வந்த பர்மிங்ஹாம் பி.எஸ்.ஏ., செக்கோஸ்லோவேகியாவின் பிர்னோ முதலிய பழைய .22 ரைபிள்கள் இங்கே பொன்போல் விலை போகின்றன. (யுத்த காலத்துப் 'பிரென்' யந்திரத் துப்பாக்கிக்குப் பாதிப் பெயர் கொடுத்தது அந்தப் பிர்னோ நகரம்தான், மறுபாதி இங்கிலாந்தின் என்ஃபீல்டு.) மற்ற நாடுகளில் பழைய ரைபிள் மலிவு, நம் நாட்டில் பழையதே பெருமை. ஆகவே இங்கே பெயரைப் பார்த்து விலை கொடுத்தால் ஏமாற்றந்தான். பெயருக்குப் பாதி விலை, குழாய்க்குப் பாதி விலை என்று கொண்டால், நாம் வாங்க வேண்டியது அந்த இரண்டாவது பாதியை.

நண்பர் விசாரித்து வைத்திருந்தவை மூன்று. ஒன்று, புதிய சுதேசி ரைபிள். இரண்டாவது, பளபளவென்று மெருகிட்ட வெளிநாட்டு விளையாட்டு ரைபிள். பிரசித்தமான பெயர், விலை அதிகம். மூன்றாவது, ஒரு பழைய பந்தயக்காரர் சுட்டுவந்த, ஒவ்வொரு தோட்டாவாக இட்டுச் சுடும் பந்தய ரைபிள். மரக்கட்டையில் கீறல், கன்னம் படும் இடத்தில் வார்னிஷ் போய் வெளுத்திருந்தது. அதன் விலை இரண்டாவதைவிடக் குறைவு. ஆனால் தாயார் சொன்ன பாதியைச் சற்றே தாண்டியது.

* * *

இங்கே நமது பழைய பாபம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாலிப வயதில் நாமும் ஒரு கைமாறிய ஏர் ரைபிள் வாங்கினோம். விற்றவர் சாதுர்யசாலி. மரத்துக்குப் புது வார்னிஷும் இரும்புக்குப் புது மையும் பூசி, பட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். நாம் பட்டுத் துணியைப் பார்த்தோம்; குழாயைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து கொல்லைச் சுவரின்மேல் தகர டப்பாவை வைத்துச் சுட்டால், ரவை ஒவ்வொரு முறையும் நான்கு சாண் இடப்பக்கம் தள்ளிச் சுவரில் பட்டது. குழாய் வளைந்திருந்தது என்பதை ஒரு கொல்லர் பார்த்துச் சொல்ல ஆறு மாதம் ஆயிற்று. அந்த டப்பா வெகுகாலம் நம் வீட்டில் உளுந்து போட்டுவைக்கப் பயன்பட்டது. அன்று கற்ற பாடம்: மரத்தைக் கடைசியில் பார், குழாயை முதலில் பார்.

பார்க்கும் முறை இது. எந்தத் துப்பாக்கியையும் கையில் வாங்கியவுடன், வாயைத் தரைப்பக்கம் பிடித்து, திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் நிச்சயம் செய்துகொள்ள வேண்டும். விற்பவர் சத்தியம் செய்தாலும் இதை விடக் கூடாது. பிறகு, தாழ்ப்பாள்போல் முன்னும் பின்னும் ஓடும் போல்ட் என்ற பாகத்தை எடுத்துவிட்டு, பின்புறமிருந்து குழாய்வழியே வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். அழுக்கும் எண்ணெயும் இருந்தால் துடைத்துவிட்டுப் பார்க்கக் கேட்கலாம். துடைக்க மறுப்பவரிடம் வாங்கத் தேவையில்லை.

உட்புறம் திருகுபுரியாக வெட்டிய வரிகள் கூர்மையாகவும் கண்ணாடிபோலவும் தெரிய வேண்டும். அம்மைத் தழும்பு போன்ற புள்ளிகள் துருவின் அடையாளம். 1920-களின் பிற்பகுதிக்கு முன் வந்த தோட்டாக்களின் மருந்து குழாயை அரித்துவிடும் தன்மையது. ஆகவே மிகப் பழைய ரைபிள்களில் இது சாதாரணம். ஈயக் குண்டு எஃகைத் தேய்ப்பது மிகச் சொற்பம். பல்லாயிரம் தோட்டா சுட்ட குழாயும் நன்றாயிருக்கக் கூடும். சுட்டுக் கெட்ட குழாய்களைவிடத் துடைக்காமல் துருப்பிடித்தவையும், கரடுமுரடான கம்பியால் முன்வாய் வழியே துடைத்துத் தேய்ந்தவையுமே அதிகம். முன்வாயின் விளிம்பு வட்டமாக, சொட்டையில்லாமல் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். குண்டு கடைசியாக விடைபெறும் இடம் அது. அங்கே ஒரு பக்கம் சிதைந்திருந்தால் குண்டு ஒரு பக்கம் சாய்ந்தே போகும்.

குழாயின் நடுவில் கருவளையம்போல் ஒரு நிழல் தெரிந்தால் அதைவிட மோசம் வேறில்லை. முன்பு எப்போதோ ஒரு குண்டு உள்ளே சிக்கி நின்றிருக்க, அதை அறியாமல் அடுத்ததைச் சுட்டதால் குழாய் அவ்விடத்தில் உப்பிப்போனதன் அடையாளம் அது. அதற்கு வைத்தியம் இல்லை.

தோட்டா உட்காரும் அறையின் விளிம்பையும் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். .22 ரைபிளைத் தோட்டா இல்லாமல் வெறுமனே 'டக் டக்' என்று தட்டுவது பலருக்கு விளையாட்டு. ஊசி விளிம்பைத் தட்டும் அமைப்பாதலால், தோட்டா இல்லாதபோது அது எஃகையே தட்டிப் பள்ளம் செய்துவிடும். பிறகு வெறுங்கூடு உள்ளே சிக்கிக்கொள்ளும். வெறுங்கூட்டைப் பிடித்திழுக்கும் சிறு கொக்கி கூர்மையாயிருக்கிறதா என்பதும் அப்போதே தெரியும்.

அடுத்து, குதிரை. வெற்றுத் துப்பாக்கியைத் தயார்நிலையில் வைத்து, கட்டையின் அடியை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினால் ஊசி தானாக விழக் கூடாது. காப்புத் தாழ் உள்ளதானால், அதைப் போட்டுக் குதிரையை இழுத்துப் பார்த்து, பிறகு தாழை எடுக்கும்போதும் விழக் கூடாது. விழுந்தால் அது துப்பாக்கி அன்று, எமனின் தூதன். இறுதியில்தான் மரம். வெடிப்பு உண்டா, வளைந்து குழாயை ஒரு பக்கம் அழுத்துகிறதா என்று பார்த்தால் போதும். கீறலுக்காக வருந்த வேண்டாம். கீறலுக்காக விலையைக் குறைக்கலாம். குழாயில் வெட்டிய எண்ணும் லைசென்ஸில் எழுதிய எண்ணும் ஒன்றா என்பதை எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்க்காமல் பேச்சை முடிக்கலாகாது.

இந்த முறைப்படி பார்த்ததில், பளபளத்த இரண்டாவது ரைபிளின் குழாயில், முன்வாய்க்கு ஒரு சாண் உள்ளே, கருவளையம் தெரிந்தது. நண்பரிடம் கொடுத்தோம், அவருக்குத் தெரியவில்லை. பெண் வாங்கிப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் மெதுவாகத் திருப்பி வைத்துவிட்டு, "வேண்டாம், மாமா" என்றாள். விற்பவர் முகத்திலும் உண்மையான திகைப்பே தெரிந்தது. அவரும் ஒரு காலத்தில் பட்டுத் துணியைப் பார்த்து வாங்கியவர்தான் போலும்.

* * *

மூன்றாவது ரைபிளைக் கிளப்பின் சுடுமிடத்தில், உடையவரும் பயிற்சியாளரும் கூட இருக்க, சுட்டுப் பார்த்தோம். இந்தப் பரீட்சையில் சுடுபவரின் திறமையை அளக்கக் கூடாது. துப்பாக்கியை அளக்க வேண்டும். ஆகையால் மணல் மூட்டைமேல் அதைச் சாய்த்து வைத்து, 50 மீட்டரில் ஐந்தைந்து குண்டாக ஐந்து முறை சுட வேண்டும். நடுவில் படுகிறதா என்பது கேள்வியே அன்று. குறிக்கருவியைத் திருகினால் நடுவுக்கு வந்துவிடும். ஐந்தும் ஒன்றோடொன்று ஒட்டிப் படுகின்றனவா என்பதே கேள்வி. இரண்டு மூன்று விதமான தோட்டாக்களைச் சோதிப்பதும் அவசியம். ஒரே கம்பெனியின் ஒரே மாதிரி இரண்டு ரைபிள்களில்கூட ஒன்றுக்குப் பிடித்த தோட்டா மற்றொன்றுக்குப் பிடிக்காது. குழந்தைகளுக்குக் கஞ்சி போல என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் வகைத் தோட்டாவில் குண்டுகள் சிதறின. நண்பரின் முகம் வாடிற்று. இரண்டாம் வகையில், விலை உயர்ந்ததில், ஐந்து குண்டுகளும் ஒரு பத்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. மூன்றாவது, நடுத்தர விலையுள்ள வகையிலும் ஏறக்குறைய அப்படியே. "இந்த மூன்றாவதுதான் வேண்டும்" என்றாள் பெண். ஏன் என்று கேட்டோம்.

"துப்பாக்கியை ஒரு தடவைதானே வாங்குகிறோம், மாமா, தோட்டாவை வாராவாரம் வாங்க வேண்டுமே!"

கணக்கரின் பெண் அல்லவா? வாரம் இரண்டு நாள், நாளொன்றுக்கு அறுபது தோட்டா என்றால் வருஷத்துக்கு 6,240. ஐம்பது கொண்ட பெட்டிகள் ஏறக்குறைய 125. ரைபிள் வாங்கும் வீட்டார் அதன் விலையை மட்டும் பார்க்கிறார்கள். தோட்டா, கிளப் சந்தா, காதுமூடி, கண்ணாடி, தடித்த கோட்டு, பிரயாணச் செலவு இவற்றை ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகே ரைபிளுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று தீர்மானிக்க வேண்டும். தோட்டா வாங்கப் பணமில்லாதவர் வீட்டில் உயர்ந்த ரைபிள் இருப்பது, அரிசியில்லாத வீட்டில் வெள்ளிப் பானை இருப்பது போன்றது.

விலை பேசினோம். உடையவர் வயதானவர், தோள் வலியால் சுடுவதை விட்டவர். பெண்ணைச் சிறிது நேரம் சுடச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கீறலைக் காட்டி நாம் குறைக்கச் சொன்னதற்கு மேலேயே தாமாகக் குறைத்து, தாயார் இட்ட எல்லைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். "சுவரில் மாட்டுகிறவர்கள் பணம் அதிகம் தருவதாகச் சொன்னார்கள், சுடுகிறவள் கையில் போகட்டும்" என்றார். கீறலைக் காட்டிப் பேரம் செய்ததற்காக நமக்குக் கொஞ்சம் வெட்கமாயிருந்தது.

அன்றே எழுத்துமூலம் தகவல் கொடுக்கப்பட்டது. 45 நாட்களும் கழிந்தன. பங்குனியில் ரைபிள் பெண்ணின் லைசென்ஸில் ஏறிற்று.

* * *

வீட்டில் வைப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லி முடிக்கிறோம். சுவரில் பதித்த இரும்புப் பெட்டியில் ரைபிள். போல்ட்டைக் கழற்றி வேறோர் இடத்தில் பூட்டி வைப்பது. தோட்டாக்கள் மூன்றாவதாக ஒரு பூட்டுக்குள். விருந்தாளிகளுக்கு எடுத்துக் காட்டுவது, படம் பிடிக்கக் கொடுப்பது, கல்யாண ஊர்வலத்தில் வெடிப்பது இவற்றுக்கு இடமே கிடையாது. சுட்டுவந்த கையில் ஈயம் ஒட்டியிருக்கும். சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது. மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். வீட்டில் மன வியாகுலத்தில் இருப்பவர் ஒருவர் உண்டானால், அவர் குணமாகும் வரை துப்பாக்கி வீட்டில் இருத்தலாகாது. லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ போலீஸ் ஸ்டேஷனிலோ ஒப்படைத்துவிட வேண்டும். இதில் தாக்ஷண்யம் பார்ப்பதற்கில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீட்டுக்குப் போயிருந்தோம். பணத்தில் மிஞ்சிய பாதி தம்பியின் பெயரில் பாங்கியில் இருக்கிறது. வரவேற்பறையில் 1951-ல் தேசிய ரைபிள் சங்கத்தை ஸ்தாபித்த மவ்லங்கரின் படம் ஒன்று புதிதாக மாட்டப்பட்டிருந்தது. அவர் லோக சபையின் முதல் சபாநாயகர் என்பதோடு, இவர்கள் வீட்டுத் தெய்வமாகவும் ஆகிவிட்டார்.

நண்பரின் மனைவியார் காபி கொடுத்துக்கொண்டே ஒரு குறை சொன்னார். "இந்த வீட்டிலே அரிசிப் பெட்டி, பீரோ, நகைப் பெட்டி எல்லாச் சாவியும் என் இடுப்பிலேதான் இருக்கிறது. அந்த இரும்புப் பெட்டிச் சாவியை மட்டும் தரமாட்டேன் என்கிறாள். லைசென்ஸ் உள்ளவரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாதாம். பெற்ற தாயானாலும் சரியாம்!"

சட்டப்படி பெண் செய்தது சரியே என்று தீர்ப்புச் சொன்னோம். அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். ஆனால் திரும்பி வரும்போது ஒரு சிறிய காகிதத்தைக் கொண்டுவந்து நம்மிடம் காட்டினார். ஒரே ஓட்டைபோல் ஒட்டிக் கிடந்த ஐந்து துளைகள், கீழே தேதி. அதைச் சீட்டுப் பணக் கணக்கு எழுதும் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் வைத்திருந்தார்.